இடப்பக்கம் சாயும் குதிரைகள்

ஒரு திங்கட்கிழமை காலை மாஸ்டர் அலுவலக அறைக்குள் வந்து, பூட்ஸ் சேற்றோடு நின்றபடியே, "எழுதும்மா" என்றார்.

யாரைப் பற்றி என்று கேட்டேன். செவலையைப் பற்றி என்றார். செவலை எங்கள் குதிரையேற்றப் பள்ளியில் இருக்கும் ஒன்பது வயதுப் பெண்குதிரை. அதன் கோப்பை எடுத்துப் பிரித்துக்கொண்டேன். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். ஓட்டும்போது இடப்பக்கம் சாய்கிறது. வலப்பக்கம் வளைய மறுக்கிறது. முதுகில் இடது பக்கம் தொட்டால் சிலிர்த்துக்கொள்கிறது. வகுப்புக்கு உதவாது, வெளியே அனுப்பிவிடலாம்.

"மறுக்குதா சார், இல்ல முடியலையா?" என்று கேட்டேன். படிவத்தில் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் இருந்தது.

"முடியாம என்ன? அதுக்கு மனசில்ல."

'மறுக்கிறது' என்ற கட்டத்தில் குறியிட்டேன். பிறகு, போன வருடம் கறுப்புக் குதிரைக்கும் இதையேதான் எழுதினோம் என்றேன்.

"அதுக்கும் மனசில்ல."

அதற்கு முன்னால் போன சாம்பல் குதிரைகள் இரண்டுக்கும் இதே நாலு வரிதான் என்றேன். மாஸ்டர் கூரையைப் பார்த்துக் கொஞ்சம் யோசித்தார்.

"வாங்கற ஆளுக்குக் கண்ணு சரியில்ல. கோணல் குதிரையாப் பொறுக்கிட்டு வந்து என் தலையில கட்டறாங்க. எழுதிட்டியா?"

எழுதிவிட்டேன் என்றேன். படித்துக் காட்டச் சொன்னார். ஆங்கிலத்தில் படித்தேன். அவர் தமிழில் திட்டுவதை முதலாளியம்மாவுக்காக ஆங்கிலத்தில் மரியாதையாக எழுதுவதுதான் என் வேலை. அவருக்குப் பாதிதான் புரியும். ஆனாலும் தன் பேச்சை ஆங்கிலத்தில் கேட்கும்போது அவருக்கே அதன்மேல் ஒரு மதிப்பு வந்துவிடும். "நல்லா இருக்கு" என்றார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. இரும்பு அலமாரியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் திரும்பி வெளியே போனார்.

அந்தத் தாளில் புதன்கிழமை குதிரை டாக்டர் கையெழுத்துப் போட்டால், வெள்ளிக்கிழமை முதலாளியம்மா செவலையை விற்றுவிடுவார். 'உதவாது' என்ற சீட்டோடு போகும் குதிரையை யார் வாங்குவார்கள், எதற்கு வாங்குவார்கள் என்பதைப் பற்றி எங்கள் பள்ளியில் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை.

மாஸ்டர் பத்தொன்பது வயதில் இங்கே சாணம் அள்ள வந்தவர். இப்போது ஐம்பத்து நாலு. இடையில் யாரும் ஏறத் துணியாத குதிரைகளில் எல்லாம் ஏறி, இருபத்திரண்டு தடவை கீழே விழுந்து, தலைமைப் பயிற்சியாளர் ஆனார். விழுந்த கணக்கு அவர் சொன்னது. விழுந்த ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கதை உண்டு. எல்லாக் கதைகளும் ஒரே மாதிரி முடியும்: "எழுந்தேன், தட்டிவிட்டேன், அதே குதிரையில ஏறினேன்." பதினோரு வருடங்களுக்கு முன்னால் ஒரு குதிரை அவரைச் சுவரில் அறைந்து கீழே போட்டது. வலது இடுப்பு சுவரில் பட்டது. எழுந்து, தட்டிவிட்டு, அதே குதிரையில் ஏறி, மீதி வகுப்பையும் நடத்திமுடித்தார். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு முதல் நாள் சொல்லும் கதை அதுதான். அதற்கப்புறம் டாக்டரிடம் போனீர்களா என்று ஒரு பெண் கேட்டாள். அவளை இரண்டு சுற்று அதிகமாக ஓடவைத்தார்.

குதிரைகள் விஷயத்தில் இப்படி இல்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். ஒரு குதிரை காலைத் தீனியில் கைப்பிடி மிச்சம் வைத்தால் டாக்டருக்கு போன் போகும். தினமும் விடிந்ததும் ஒவ்வொரு குதிரையின் முதுகையும் கழுத்திலிருந்து வால்வரை கையால் தடவிப் பார்ப்பார். ஆறு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு, வருடத்துக்கு ஒருமுறை பல். தும்மினால் ரத்தம் எடுப்பார்கள், நொண்டினால் எக்ஸ்ரே எடுப்பார்கள். இந்த ஏற்பாட்டையெல்லாம் கொண்டுவந்த மனிதர் காலையில் இரண்டு டீயும் ஒரு சிகரெட்டும்தான் சாப்பிடுவார், அதுவும் நின்றுகொண்டு. தண்ணீர் குடிப்பதை ஒரு பலவீனமாகவே நினைத்தார். கடைவாய்ப் பல் போய் நாலு வருடமாக ஒரே பக்கத்தில் மென்றுகொண்டிருந்தார். வகுப்புக்கு முன்னால் கைகால் நீட்டி மடக்கலாமா என்று கேட்ட பிள்ளைகளிடம், அதெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்களுக்கு என்று சொல்லி என் அறைப்பக்கம் கையைக் காட்டினார்.

அவருக்குப் பட்டப்பெயர் தராசு. பிள்ளைகள் வைத்தது, அவருக்கும் தெரியும், உள்ளூரப் பெருமை. ஏனென்றால் ஒவ்வொரு வகுப்பிலும் அவர் தவறாமல் சொல்வது இதுதான்: குதிரை ஒரு தராசு, நீ ஒரு பக்கம் ஒரு கைக்குட்டை அளவு பாரம் கூட வைத்தால் அது அந்தப் பக்கம் போகும். சொல்லும்போது அவருடைய வலது தோள் இடது தோளைவிட மூன்று விரல் கீழே இருக்கும்.

நான் இங்கே வேலைக்கு வந்த முதல் மாதம் எனக்கு அது தெரியவில்லை. பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அதுதான் குதிரையேறும் அழகு என்று நினைத்துக்கொண்டார்கள். வருடாந்தரப் போட்டியன்று எங்கள் பள்ளிப் பிள்ளைகள் எட்டு பேர் வரிசையாக மைதானத்துக்குள் வந்தார்கள். எட்டு வலது தோளும் ஒரே அளவுக்குக் கீழே இறங்கியிருந்தன, காற்றடித்த வேலி மாதிரி. நடுவர் எழுதி அனுப்பிய குறிப்பை நான்தான் மொழிபெயர்த்தேன்: 'இந்தப் பள்ளிக்கென்று ஒரு தனிப் பாணி இருப்பது தெரிகிறது.' மாஸ்டர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு, அலுவலகச் சுவரில் ஒட்டச் சொன்னார். ஒட்டினேன்.

செவ்வாய்க்கிழமை மதியம் லாயக்காரர் என் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றார். அவர்தான் குதிரைகளைத் தேய்த்துக் குளிப்பாட்டி, சேணம் பூட்டி நிறுத்துகிறவர். மாஸ்டரோடு இருபது வருடமாக இருக்கிறார். மாஸ்டரின் முகத்துக்கு நேரே எதுவும் சொல்ல மாட்டார். முதுகுக்குப் பின்னால் எதையும் மிச்சம் வைக்க மாட்டார்.

"தங்கச்சி, உன் சரக்கு நோட்டைப் பாரு. தடவற எண்ணெய் போன மாசம் எத்தனை பாட்டில் குடுத்தே?"

குதிரைக் கால் சுளுக்குக்குத் தடவுகிற மருந்தெண்ணெயைச் சொன்னார். நோட்டைப் பார்த்தேன். மூன்று.

"எந்தக் குதிரை நொண்டிச்சு?"

எந்தக் குதிரையும் நொண்டவில்லை. அவர் பல்லைக் காட்டினார். "நான் தடவல. குதிரை தானாத் தடவிக்காது. மாஸ்டர் பக்கத்துல போய் நின்னு மூச்சை இழுத்துப் பாரு. லாயத்துல இருக்கற பதினாலு குதிரையிலயும் அந்த வாசனை வராது."

பிறகு தோளில் போட்டிருந்த இரண்டு துணிகளை ஜன்னல் கம்பியில் விரித்தார். சேணத்துக்கு அடியில் போடும் வெள்ளைத் துணிகள். ஒன்று மற்றவர்கள் ஏறிய குதிரையினுடையது. இரண்டு பக்கமும் ஒரே அளவு வியர்வை, ஒரே அளவு அழுக்கு. இன்னொன்று அன்று காலை மாஸ்டர் ஏறிய செவலையினுடையது. இடது பக்கம் சட்டி அடி மாதிரி கறுத்து, நூல் இழை தெரியத் தேய்ந்திருந்தது. வலது பக்கம் கடையில் வாங்கிய மாதிரி இருந்தது.

செவலைக்கு முன்னால் கறுப்பின் துணியும் இப்படித்தான் என்றார். கறுப்புக்கு முன்னால் சாம்பல்கள் இரண்டும். வலது இடுப்பு மடங்காத மனிதர் அந்தப் பக்கம் உட்கார முடியாமல் இடது பக்கம் சரிந்து உட்காருகிறார். சேணம் இடது பக்கம் நகர்கிறது. குதிரை தன்மேல் இருக்கும் பாரத்துக்கு அடியில் போய் நிற்கப் பார்க்கிறது, அதனால் இடப்பக்கம் போகிறது. வலப்பக்கம் வளை என்று சொல்ல வேண்டிய வலது காலோ ஒரு வார்த்தையும் சொல்வதில்லை, குதிரை எதைக் கேட்டு வளையும் என்று லாயக்காரர் கேட்டார்.

அதற்கப்புறம்தான் பல விஷயங்கள் எனக்கு விளங்கின. மாஸ்டர் எப்போதும் மரப்படியில் ஏறிநின்றுதான் குதிரைமேல் ஏறுவார். தரையிலிருந்து ஏறினால் குதிரையின் முதுகெலும்பு வருந்தும் என்று காரணம் சொல்வார். நாங்கள் நெகிழ்ந்துபோவோம். வலது அங்கவடியை இடதைவிட இரண்டு துளை இறக்கிக் கட்டுவார். காலை வைக்கும் வளையம் அப்படி இருப்பதுதான் பழைய படைவீரர்களின் முறை என்பார். எந்தப் படை என்று யாரும் கேட்டதில்லை. என் அறையில் உட்காராமல் நிற்பதை நான் ஒழுக்கம் என்று நினைத்திருந்தேன். என் நாற்காலி தாழ்வானது, உட்கார்ந்தால் அவரால் எழுந்திருக்க முடியாது, அவ்வளவுதான். ஒருமுறை மாஸ்டரின் மனைவி அவர் மறந்துவிட்டுப்போன கண்ணாடியைக் கொடுக்க வந்தபோது, கிளம்புகிற அவசரத்தில் வலது கால் சாக்ஸைத் தான் மாட்டிவிட மறந்துவிட்டதாகவும், இன்றைக்கு ஒற்றை சாக்ஸோடுதான் வந்திருப்பார் என்றும் சிரித்துக்கொண்டே சொன்னார். புருஷனைச் செல்லமாக வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

லாயக்காரரிடம், நீங்களே மாஸ்டரிடம் சொல்லலாமே அண்ணா என்றேன்.

"எனக்கு இன்னும் பத்து வருஷம் வேலை இருக்கு" என்று சொல்லிவிட்டு, துணிகளை மடித்து என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார்.

நானும் சொல்லவில்லை. சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. அந்தக் கறுப்புக் குதிரையும் சாம்பல்கள் இரண்டும் என் நல்ல கையெழுத்தில்தான் வெளியே போயின. சாம்பல்களில் ஒன்றை வாங்கியவர்கள் ஆறு மாதத்துக்குப் பிறகு ஒரு புகைப்படம் அனுப்பியிருந்தார்கள். பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி அதன்மேல் கோடு போட்ட மாதிரி நேராக உட்கார்ந்திருக்க, குதிரையின் கழுத்தில் பரிசு நாடா. அதையும் கோப்பில்தான் வைத்தேன். மற்ற இரண்டும் எங்கே போயின என்று தெரியவில்லை. நான் அன்று செய்தது ஒன்றே ஒன்றுதான். டாக்டருக்குப் போக வேண்டிய உறையில் செவலையின் தாளுக்கு அடியில் அந்த மூன்று பழைய தாள்களையும் சேர்த்துப் பின் அடித்தேன்.

டாக்டர் புதன்கிழமை பத்து மணிக்கு வந்தார். ஐம்பது வயதுப் பெண்மணி, பேச்சில் உப்பும் காரமும் சரியாகவே இருக்கும். மைதானத்து வேலியில் சாய்ந்தபடி நாலு தாளையும் படித்தார்.

"இது எல்லாம் ஒரே குதிரையா?" என்று என்னிடம் கேட்டார்.

இல்லை, நாலு குதிரை என்றேன்.

"ஓ. அப்ப ஒரே ஆளா?"

மாஸ்டர் பக்கத்தில்தான் நின்றார். நான் தரையைப் பார்த்தேன். டாக்டர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. லாயக்காரரைக் கூப்பிட்டு, செவலையைச் சிமெண்ட் பாதையில் கையில் பிடித்தபடி கதவு வரைக்கும் ஓட்டிக்கொண்டு போய்த் திரும்பி வரச் சொன்னார். நொண்டும் குதிரையைக் கண்டுபிடிக்க எப்போதும் அப்படித்தான் செய்வார்கள். கெட்டித் தரையில் துள்ளுநடையில் ஓடவிட்டு, பின்னாலிருந்து இடுப்பைப் பார்ப்பார்கள், முன்னாலிருந்து தலையைப் பார்ப்பார்கள், குளம்புச் சத்தத்தைக் கேட்பார்கள். செவலையின் குளம்புகள் கடிகாரம் மாதிரி விழுந்தன. அடுத்து லாயக்காரரை மேலே ஏறச் சொன்னார். செவலை வலது பக்கம் வளைந்தது, இடது பக்கம் வளைந்தது, மறுக்கவில்லை. அதற்கு மனது இருந்தது.

"மாஸ்டர், இப்ப நீங்க ஏறுங்க" என்றார் டாக்டர்.

மரப்படி கொண்டுவரப்பட்டது. மாஸ்டர் ஏறினார். இரண்டாவது சுற்றிலேயே செவலை உள்பக்கமாக, இடது பக்கமாக, யாரோ கயிறு கட்டி இழுப்பது போலச் சரிய ஆரம்பித்தது. நடை ஒரு பக்கம் குறுகியது. மாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு குதிகாலால் தட்டினார், இடது குதிகால் மட்டும். மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார். அவர் மூச்சை அடக்கியதும் குதிரையும் முதுகை இறுக்கிக்கொண்டது. அன்று வகுப்பு இல்லாததால் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த நாலைந்து பிள்ளைகள், மாஸ்டர் எப்படி உட்காருகிறாரோ அப்படியே, நின்ற இடத்திலேயே வலது தோளை இறக்கிக்கொண்டார்கள். அவர்களுக்கே அது தெரியவில்லை.

"பார்த்தீங்களா டாக்டர்? எழுதினதுல ஒரு எழுத்து பொய் இல்ல" என்றார் மாஸ்டர் இறங்கியபடி. இறங்குவதற்கு வெகுநேரம் ஆயிற்று. சேணம் இரண்டு விரல் இடது பக்கம் நகர்ந்திருந்தது.

டாக்டர் குதிரையைப் பார்க்கவில்லை. மாஸ்டரின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நீங்க கொஞ்சம் அந்தக் கதவு வரைக்கும் நடந்துட்டு வாங்க" என்றார்.

"டாக்டர், நான் குதிரை இல்ல."

"தெரியுது. குதிரையா இருந்திருந்தா பதினோரு வருஷம் முன்னாலயே எக்ஸ்ரே எடுத்திருப்பீங்க."

லாயக்காரருக்கு அந்த நேரம் பார்த்து இருமல் வந்தது. மாஸ்டரின் முகம் செவலையின் நிறத்துக்கு வந்தது. முப்பத்தைந்து வருடமாகக் குதிரையைத் தெரிந்தவனுக்கு நேற்று வந்தவர்கள் பாடம் எடுக்க வேண்டாம் என்றார். நேற்று வந்தவர் என்று அவர் சொன்ன டாக்டர் அங்கே பதினெட்டு வருடமாக வருகிறார். மாஸ்டர் சாட்டையைக் கக்கத்தில் செருகிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி, கதவுக்கு எதிர்த்திசையில் நடந்துபோனார். ஆனால் எந்தத் திசையில் நடந்தாலும் நடை நடைதானே. வலது கால் தரையைத் தொட்டதும் சுட்டுவிட்டது போல எடுத்துக்கொண்டார். நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

டாக்டர் என் தாளில் கையெழுத்துப் போடவில்லை. அடியில் ஒரு வரி எழுதினார்: 'குதிரை நலம். ஏறுபவரைப் பரிசோதிக்கவும்.' அலுவலகத்துக்கு வந்து அதைக் கோப்பில் பதிய முயன்றேன். ஏறுபவருக்கென்று எங்கள் படிவத்தில் ஒரு கட்டமும் இல்லை.

பயிற்சியாளர்கள் வருடத்துக்கு ஒருமுறை உடல்தகுதிச் சான்றிதழ் தர வேண்டும் என்று விதி இருந்தது. மாஸ்டரும் தவறாமல் தந்திருந்தார். பத்து வருடச் சான்றிதழ்களையும் எடுத்துப் பார்த்தேன். எல்லாம் ஒரே மருத்துவர், ஒரே வாசகம், எடைகூட மாறவில்லை. அந்த மருத்துவரின் மகன் எங்கள் பள்ளியில் குதிரையேறப் பழகியவன். மாஸ்டர் கோணல் குதிரைகளைப் பற்றி எழுதவைத்த அதே அக்கறையோடு அந்த மருத்துவர் மாஸ்டரைப் பற்றி எழுதியிருந்தார். இருவரும் எதையும் பார்க்கவில்லை. நானும் பார்க்காமலே இரண்டையும் கோப்பில் வைத்துவந்திருக்கிறேன்.

இந்தக் கதை எப்படி முடிந்தது என்று கேட்பவர்களுக்கு: செவலை போகவில்லை. மாஸ்டர்தான் போனார், ஆஸ்பத்திரிக்கு. இடுப்பு மூட்டு தேய்ந்து எலும்போடு எலும்பு உரசிக்கொண்டிருந்ததாம். இந்த இடுப்போடு ஒருவர் நடந்ததே அதிகம், குதிரையேறினாரா என்று படத்தைப் பார்த்த மருத்துவர் கேட்டாராம். அதை மாஸ்டர் இன்றுவரை ஒரு பதக்கம் மாதிரி சொல்லிக்கொண்டிருக்கிறார். மூட்டு மாற்றி, உடற்பயிற்சி சொல்லித்தரும் பெண்ணிடம் நாலு மாதம் மாட்டிக்கொண்டார். நேராக நில், மூச்சை விடு, தோளைப் பார் என்று அவர் பிள்ளைகளை அதட்டும் அதே குரலில் அவள் அவரை அதட்டியிருக்கிறாள். 'மனசில்ல சார் உங்களுக்கு' என்றுகூட ஒருமுறை சொல்லிவிட்டாளாம். அன்று சாப்பிடவில்லை என்று அவர் மனைவி சொன்னார்.

பத்து மாதம் கழித்துத் திரும்பிவந்தார். இப்போது அவரைத் தாங்க முடியவில்லை. ஏறுபவரின் உடம்பு சரியாக இல்லாவிட்டால் குதிரை சரியாகப் போகாது என்று தானே கண்டுபிடித்தது போலப் பாடம் எடுக்கிறார். காலையில் பிள்ளைகள், லாயக்காரர், தபால் கொடுக்க வருபவர் என்று யார் அகப்பட்டாலும் கையைக் காலை நீட்டவைக்கிறார். பையில் தண்ணீர் பாட்டில் வைத்திருக்கிறார். செவலை நேராகப் போகிறது. பிள்ளைகளின் தோள்கள்தான் இன்னும் முழுதாக ஏறவில்லை; அதற்கு இன்னும் இரண்டு வருடமாகும் போலிருக்கிறது. நடுவரின் குறிப்பைச் சுவரிலிருந்து எடுத்துவிடச் சொன்னார். வெளியே போன அந்த மூன்று குதிரைகளைப் பற்றி அவர் எதுவும் கேட்பதில்லை. ஒரே ஒருமுறை, அந்தச் சாம்பல் குதிரையின் புகைப்படம் இருக்கும் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, என் அறையில் வெகுநேரம் நின்றார். உட்கார்ந்திருக்கலாம். இப்போது முடியும்.

ஆனால் இது எதுவும் டாக்டர் சொன்னதால் நடக்கவில்லை. டாக்டர் சொன்ன மறுநாள், வியாழக்கிழமை காலை, வெள்ளிக்கிழமை முடிவுக்கு முந்தின நாள், பிள்ளைகள் வருவதற்கு முன்னால் மாஸ்டர் என் அறைக்கு வந்தார். பூட்ஸ் இல்லை, செருப்பு. முகச்சவரம் செய்யவில்லை. அந்த எண்ணெய் வாசனை அறை முழுக்க நிறைந்தது. செவலையின் கோப்பை எடுக்கச் சொல்வார், டாக்டரின் வரியை அடிக்கச் சொல்வார் என்று நினைத்து, கோப்பின்மேல் கையை வைத்துக்கொண்டேன்.

அவர் கோப்பைப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியாகச் சிமெண்ட் பாதையைப் பார்த்தார். யாரும் இல்லை. செவலை மட்டும் லாயத்துக் கதவுக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு நின்றது.

"ஏம்மா, ஒரு வெத்துத் தாள் எடுத்துக்கோ" என்றார். எடுத்துக்கொண்டேன். "நான் அந்தக் கதவு வரைக்கும் ஓடிட்டு வர்றேன். நீ பின்னால நின்னு இடுப்பைப் பாரு. திரும்பி வரும்போது தலையைப் பாரு. சத்தத்தையும் கேளு. அப்புறம் குதிரைக்கு எழுதற மாதிரியே எழுதிக் குடு."

நான் பேனாவின் மூடியைக் கழற்றாமலே நின்றேன்.

"தமிழ்லயே எழுதும்மா," என்றார், "எனக்குப் புரியணும்."